காலையில் அறுவை, மாலையில் வீடு

‘ஆபரேஷன்’ என்ற சொல் காதில் விழுந்ததுமே நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது ஒரு பெரிய பை. தலையணை, போர்வை, வெந்நீர்ப் பிளாஸ்க், இரண்டு டம்ளர், சுருட்டிய பாய் என்று ஆஸ்பத்திரியில் பத்து நாள் குடித்தனம் நடத்தத் தேவையான அனைத்தும் அதில் ஏறும். பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் கொண்டுவருவார்கள். கட்டிலில் கிடப்பவரைவிடக் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுப்பவரே அதிகம் இளைத்துப்போவார்.

இன்று பல அறுவைகளுக்கு அந்தப் பை தேவையில்லை. கண்புரை, சிறுவர்களின் குடலிறக்கம், தோலுக்கடியில் வரும் கட்டிகள் போன்றவற்றுக்கு நோயாளி காலையில் சென்று மாலையில் வீடு திரும்பிவிடுகிறார். இதனைப் பகல்நேர அறுவை என்கிறார்கள். “அன்றைக்கே அனுப்பிவிட்டார்களா? அப்படியானால் அது சின்ன ஆபரேஷன்தான்” என்று நாமும் சொல்லிவிடுகிறோம். தோழியரே, அங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். வார்டில் ஒரு வாரம் நர்ஸ் செய்துவந்த வேலை எங்கே போயிற்று? அது நோயாளியுடன் ஆட்டோவில் ஏறி நம் வீட்டுக்கு வந்துவிட்டது. பெரும்பாலான வீடுகளில் அது நம் வயதுப் பெண் ஒருத்தியின் கையில் வந்து சேருகிறது.

இந்த முறை நேற்று முளைத்ததன்று. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற அறுவை மருத்துவர், பத்தாண்டுகளில் 8,988 குழந்தைகளுக்கு அறுவை செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பியதாக 1909ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். குடலிறக்கம், பிளந்த உதடு போன்றவை அவற்றுள் அடங்கும். குழந்தைக்குத் தாயைவிடச் சிறந்த நர்ஸ் இல்லை என்பது அவர் கொள்கை. ஆனால் அவர் தாயை அப்படியே தெருவில் விட்டுவிடவில்லை. நர்ஸுகளை வீடு வீடாக அனுப்பிக் கவனித்தார். கைக்குழந்தையுடன் தாயும் தங்க ஆஸ்பத்திரிக்கு அருகிலேயே ஒரு சிறிய வீட்டையும் ஏற்பாடு செய்தார். அவருடைய திட்டத்தின் முதல் பாதியை உலகம் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. இரண்டாம் பாதியைப் பல இடங்களில் மறந்துவிட்டது என்பது என் எண்ணம்.

எல்லா அறுவைகளையும் பற்றி எழுத இங்கே இடமில்லை. நம் வீட்டு முதியவர்களுக்கு மிகுதியாக நடப்பது கண்புரை அறுவையே. ஆகவே அதை எடுத்துக்கொள்கிறேன்.

கண்ணின் கருவிழிக்குப் பின்னால் ஒரு சிறு வில்லை இருக்கிறது. நடுவில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிப்பு. மூன்றில் இரண்டு பங்கு நீர், மற்றது பெரும்பாலும் புரதம். இலத்தீன் மொழியில் ‘லென்ஸ்’ என்றால் மைசூர்ப் பருப்பு என்றே பொருள். வடிவ ஒற்றுமையால் வந்த பெயர். இந்த வில்லையில் உள்ள புரதம் வயதாக ஆகத் தெளிவை இழந்து, முட்டையின் வெண்கரு வேகும்போது வெளுப்பதைப்போலக் கலங்குகிறது. அதுவே கண்புரை. பலரும் எண்ணுவதுபோல அது கண்ணின் மேல் படரும் தோல் அன்று. துடைத்தோ உரித்தோ எடுக்க முடியாது. சொட்டு மருந்தால் கரையாது. ஒரு கண்ணிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதும் இல்லை. கலங்கிய வில்லையை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது ஒன்றே வழி.

அந்த வில்லையை எடுக்கும் கலை பழையது. கண்ணுக்குள் கருவியைச் செலுத்திப் புரையை விலக்கும் முறையைச் சுசுருதர் சம்ஹிதை கூறுகிறது. பிரான்ஸ் நாட்டு ஜாக் தாவியேல் 1747ஆம் ஆண்டில் வில்லையை வெளியே எடுத்துக் காட்டினார். ஆனால் எடுத்த இடத்தில் வைக்க ஒன்றுமில்லை. நம் பாட்டிமாரின் தாயார் காலத்தில் கண்ணில் பெரிய வெட்டு. வெட்டு ஆறும்வரை தலையை அசைக்கக் கூடாது என்று இரு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் படுக்கவைப்பார்கள். பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி. அதன் வழியே எல்லாம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். படியில் கால் வைத்தால் படி வேறிடத்தில் இருக்கும்.

இதை மாற்றிய மூவரைச் சொல்லியே ஆகவேண்டும். இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் மேல்மூடி நொறுங்கி, அந்தப் பிளாஸ்டிக் துணுக்குகள் விமானிகளின் கண்ணுக்குள் தங்கியபோதும் கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதை இலண்டன் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்து, 1949ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் புனித தோமையார் மருத்துவமனையில் செயற்கை வில்லை அறுவையைத் தொடங்கினார். அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவர் காதுக்குக் கேளாத ஒலியதிர்வால் பல்லைச் சுத்தம் செய்வதைக் கண்டு, அதே அதிர்வால் புரையை உள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையை 1967இல் செய்து காட்டினார். இதனால் வெட்டு 3 மில்லிமீட்டருக்கும் குறைவாயிற்று. பின்னர் மடித்துச் செலுத்தும் வில்லைகள் வந்தன. உள்ளே போனதும் குடைபோல் விரிந்துகொள்ளும். பெரும்பாலும் தையலே வேண்டாம். காலையில் சென்று மாலையில் திரும்ப முடிவது இதனால்தான்.

மூன்றாமவர் நம்மவர். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன டாக்டர் கோ. வெங்கடசாமி, அந்த விரல்களுக்குள் கத்தியைப் பிடிக்கப் பழகி, அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் சார்பில் 1992இல் தொடங்கிய ஆரோலேப் தொழிற்கூடம் செயற்கை வில்லையை இங்கேயே குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. வெளிநாட்டு வில்லை வாங்க வழியற்ற கிராமத்துக் கண்களுக்கும் வில்லை கிடைத்தது அதன் பின்னரே.

சரி, வரலாறு போதும். படுத்திருப்பவருக்கு அது எப்படி இருக்கிறது? என் அம்மாச்சிக்கு 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் வலக்கண்ணில் இந்த அறுவை நடந்தது. அவர்கள் சொன்னதையும் நான் உடனிருந்து கண்டதையும் எழுதுகிறேன்.

அம்மாச்சி மூன்றாண்டு தள்ளிப்போட்டார்கள். “பழுக்கட்டும், பிறகு எடுத்துக்கலாம்” என்பார்கள். பழுக்கும்வரை காத்திருப்பது பெரிய வெட்டுக் காலத்து வழக்கம். இன்று முற்றவிடுவது வீண் தொல்லை. முற்றிய புரை கல்லாக இறுகி அறுவையைக் கடினமாக்கும். சிலருக்குக் கண்ணின் அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பையே கெடுத்துவிடும். ஆனால் உண்மைக் காரணம் பழம் அன்று, பயம். கண்ணைத் தோண்டி வெளியே எடுத்துத் துடைத்துத் திருப்பி வைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை அம்மாச்சி யாரிடமும் கேட்கவில்லை. புனித லூசியாவிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறார்கள். கண்களின் பாதுகாவலியான அப்புனிதையின் படத்தில் தட்டில் இரண்டு கண்கள் வைத்து ஏந்தியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பயந்தவருக்கு அந்தப் படம் அவ்வளவு ஆறுதல் தரக்கூடியதன்று! கண் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று பரிசோதனை அறையில் ஒரு நர்ஸ் அரை நிமிடத்தில் சொன்னதும் அம்மாச்சி சம்மதித்துவிட்டார்கள்.

அறுவைக்கு முந்தைய வாரம் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்தார்கள். கண்ணின் நீளத்தைக் கருவியால் அளந்து வில்லையின் சக்தியைக் கணக்கிட்டார்கள். கண்ணீர்க் குழாயில் சிறிது உப்புநீர் செலுத்தி, “தொண்டைக்கு உப்புக்கரிக்குதா பாட்டி?” என்று கேட்டார்கள். கரித்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். அடைத்துச் சீழ் கட்டியிருந்தால் அதைச் சரிசெய்யாமல் கண்ணில் கத்தி வைக்க மாட்டார்கள். அங்குள்ள கிருமி அறுவைக் காயத்துக்குள் இறங்கிவிடும்.

அன்று காலை இரண்டு இட்லி சாப்பிடச் சொன்னார்கள். ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தோம். வலப் புருவத்துக்கு மேல் ஓர் அடையாளம் ஒட்டினார்கள். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. முதல் சொட்டு எரிந்தது, பிறகு எரியவில்லை. ஒவ்வொருவராக வந்து, “உங்க பேர் என்ன? எந்தக் கண்?” என்று கேட்டார்கள். ஐந்தாவது ஆள் கேட்டபோது அம்மாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “எந்தக் கண்ணுன்னு இவங்களுக்கே தெரியாதா தாயி? இவங்கதானே ஒட்டினாங்க!” என்றார்கள். தெரியாமல் கேட்கவில்லை. கண் மாறிவிடாமல் இருக்க ஒவ்வொரு வாசலிலும் நோயாளியின் வாயாலேயே சொல்லச்சொல்வது அங்குள்ள ஒழுங்கு. உங்கள் வீட்டுப் பெரியவரிடமும் இதை முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். அவருக்கு எரிச்சல் குறையும்.

கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஓர் ஊசி போட்டார்கள். சிலருக்குச் சொட்டு மருந்தே போதுமாம். பிறகு உள்ளே அழைத்துச் சென்றார்கள். நான் வெளியே இருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன்: கதவு மூடித் திறந்தது இருபத்தைந்து நிமிடம். அறுவை மட்டும் பதினைந்து நிமிடம் என்றார்கள்.

உள்ளே மயக்கம் கிடையாது. நோயாளி விழித்திருக்கிறார், எல்லாம் கேட்கிறது. முகத்தை மூடிய பச்சைத் துணியில் ஒரு கண்ணுக்கு மட்டும் ஓட்டை. இமை மூடாதபடி ஒரு சிறு கம்பி பிடித்துக்கொள்கிறது. “கத்தி வரதைப் பார்ப்பேனோன்னு நெனச்சேன். ஒண்ணும் தெரியல. மூணு வெளக்கு தெரிஞ்சுது; தண்ணிக்குள்ள இருந்து பாக்குற மாதிரி. அப்புறம் ரோஸு, நீலம்னு கலர் கலரா ஓடுச்சு. தண்ணி காதுகிட்ட வழிஞ்சுது. மிசினு ஒண்ணு கூவிக்கிட்டே இருந்துச்சு” என்று அம்மாச்சி விவரித்தார்கள். கூவியது கெல்மன் முறைக் கருவி. புரை இருந்த மெல்லிய பையை மட்டும் விட்டுவிட்டு உள்ளிருப்பதை உடைத்து உறிஞ்சியபின், அந்தப் பையிலேயே புதிய வில்லையை வைக்கிறார்கள்.

வலி இல்லை. ஆனால் கஷ்டம் இல்லை என்று சொல்ல முடியாது. அசையக் கூடாது, இருமல் வந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும், துணிக்குள் மூச்சு முட்டுவதுபோல் தோன்றும். ஒரு நர்ஸ் அம்மாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். “செபமாலையில முதல் பத்து முடியறதுக்குள்ள ‘முடிஞ்சுது பாட்டி’ன்னுட்டாங்க. நான் நம்பல” என்றார்கள். கண்ணைக் கட்டி, காப்பி கொடுத்து, ஒரு மணி நேரம் உட்காரவைத்து, மருந்தும் சீட்டும் தந்து அனுப்பினார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தோம். மறுநாள் காலை அங்கே சென்று கட்டைப் பிரித்தார்கள்.

இனித்தான் நம் வேலை. எங்களுக்குத் தந்த சீட்டில் முதல் வாரம் நாளொன்றுக்கு 6 முறை, அடுத்த வாரம் 5 என்று குறைந்து ஆறு வாரம் சொட்டு மருந்து. வகுப்புக் கால அட்டவணைபோல் கோடு போட்டுச் சுவரில் ஒட்டினேன். சொட்டு விடுவது எளிது என்று எண்ணாதீர்கள். எண்ணெய் விடுவதுபோல் மேலிருந்து ஊற்றினால் பாதி கன்னத்தில்தான் விழும். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நோயாளி தலையைப் பின்னால் சாய்த்துக் கூரையைப் பார்க்கட்டும். கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்தால் ஒரு சிறு பள்ளம் உண்டாகும். அதில் ஒரே ஒரு சொட்டு. புட்டியின் மூக்கு இமையிலோ மயிரிலோ படவே கூடாது. பட்டால் கிருமி புட்டிக்குள் போய் அடுத்த சொட்டுடன் கண்ணுக்குள் வரும். பிறகு கண்ணை மூடச்சொல்லி, மூக்கை ஒட்டிய கண்கோடியை ஒரு நிமிடம் மெல்ல அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் மருந்து கண்ணீர்க் குழாய் வழியே தொண்டைக்கு ஓடிவிடும். இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் கழித்தே. உடனே விட்டால் முதல் சொட்டை அது கழுவிவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு என்று அண்டை வீட்டார் சொல்லும் எதையும் அறுத்த கண்ணில் விடக் கூடாது. அம்மாச்சியின் நாத்தனார் ஒரு கிண்ணத்துடனேயே வந்திருந்தார். அம்மா அவரைக் காப்பி கொடுத்து உட்காரவைத்துக் கிண்ணத்தை உள்ளே வைத்துவிட்டார்கள்.

விவிலியத்தில் தோபித்து நூலின் 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பார்வை இழந்த தந்தையின் கண்களில் மருந்து இடுவது அதிதூதர் இரபேல் அல்லர், மகன் தோபியாவே. மருந்து எரிக்கும் என்றும் அங்கே வருகிறது. தூதர் வழி சொல்லித் தந்தார், கை மகனுடையது. தோபித்துக்கு வந்தது கண்ணின் மேல் படர்ந்த வெண்படலம், புரை அன்று. ஆனாலும் சொட்டு விடும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வந்தது.

நான்காம் நாள் இரவு. அம்மாச்சி செபமாலையில் வாய் திறந்து சொல்லாமல், டியூப்லைட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். “வலிக்குதா அம்மாச்சி?” என்றேன். “இல்ல தாயி, தூக்கம்” என்றார்கள். சொட்டு விட இமையை இழுத்தபோது காலையில் வெளுத்திருந்த இடம் செக்கச்சிவந்திருந்தது. விரலைக் காட்டினேன்; காலையில் சரியாக எண்ணியவர்கள் இப்போது மங்கல் என்றார்கள். சீட்டின் பின்புறம் இருந்த எண்ணுக்கு அப்பா பேசினார். உடனே வரச்சொன்னார்கள். இரவு பத்தரைக்கு வண்டி பிடித்துப் போனோம்.

சிவப்பு கூடுவது, வலி கூடுவது, தெளிந்த பார்வை மீண்டும் மங்குவது, சீழ் வருவது, மின்னல் வெட்டுவதுபோல் தோன்றுவது, ஒரு பக்கம் திரை விழுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் பிறகு எங்களிடம் சொன்னார். அரிதாகக் கண்ணுக்குள் கிருமி புகுந்துவிட்டால் ஓரிரு நாளில் பார்வையையே கொண்டுபோய்விடும். அம்மாச்சிக்கு இருந்தது கிருமி அன்று; கண்ணுக்குள் ஏற்பட்ட அழற்சி. ஆனால் எது எது என்று வீட்டில் இருந்து யாராலும் சொல்ல முடியாது. கருவி வைத்துப் பார்த்துத்தான் அவரும் சொன்னார். இரண்டு நாள் மணிக்கொரு சொட்டு. மூன்றாம் நாள் சிவப்பு இறங்கியது.

ஏன் மறைத்தீர்கள் என்று திரும்பும் வழியில் கேட்டேன். “எல்லாரும் சின்ன ஆபரேசன், அன்னைக்கே வந்துட்டீங்கன்னு சொன்னீங்க. அப்புறம் வலிக்குதுன்னு எப்படித் தாயி சொல்றது?” என்றார்கள். வார்டாக இருந்தால் ஒவ்வொரு முறை வரும்போதும் நர்ஸ் கேட்டிருப்பார். கேட்பது அவர் வேலை, சொல்வதற்கு நோயாளியும் கூச்சப்பட மாட்டார். வீட்டில் அந்தக் கேள்விக்கு நேரம் குறிக்கப்படவில்லை. மறுநாள் சுவரிலிருந்த அட்டவணையில் இன்னொரு கோடு போட்டேன்: காலையும் மாலையும் வலி, சிவப்பு, விரல் எண்ணுதல். பதிலை அம்மாச்சி சொல்ல நான் எழுதினேன். எழுதுகிறேன் என்று தெரிந்ததும் அவர்கள் ஒளிக்கவில்லை. சில நாள் வேண்டுமென்றே கூட்டியும் சொன்னார்கள்.

ஆறு வாரம் முடிந்து படிக்கக் கண்ணாடி தந்தார்கள். புதிய வில்லை தூரத்துக்கென்று அமைந்தது. கிட்டப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். இது தெரியாமல் “ஆபரேஷன் சரியில்லை” என்று குறைசொல்பவர்கள் உண்டு. சில ஆண்டுகளில் வில்லைக்குப் பின்னுள்ள பை கலங்கி மீண்டும் மங்கினால், புரை திரும்பிவிட்டது என்று அஞ்ச வேண்டாம். லேசர் ஒளியால் சில நிமிடங்களில் அதில் வழி திறந்துவிடுகிறார்கள்.

அம்மாச்சி முதலில் கண்டுபிடித்தது தம் சேலையை. பச்சை என்று இத்தனை நாள் கட்டியது நீலம்! பழைய வில்லை மஞ்சளாகி நீலத்தை விழுங்கியிருந்தது. வலக்கண்ணை மூடி இடக்கண்ணால், இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் என்று வாசலில் நின்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அடுத்துக் கண்டுபிடித்தது நான் பெருக்கும் அழகை; அலமாரிக்கடியில் இருந்த ஒட்டடை வரை ஒன்றும் தப்பவில்லை.

இடக்கண்ணுக்கு டிசம்பர் 13, லூசியம்மாள் திருநாள் கழித்து நாள் கேட்டார்கள், கிடைத்தது. அரையாண்டுத் தேர்வுச் சமயமாதலால் பகல் சொட்டுகளை ஆறாம் வகுப்புப் படிக்கும் தம்பி ஏற்றுக்கொண்டான். வெறும் தண்ணீர் நிரப்பிய பழைய சொட்டுப் புட்டியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தங்கையின் பொம்மைக்குச் சொட்டு விட்டுப் பழகினான். புட்டியின் மூக்கு பொம்மையின் இமையில் பட்டபோதெல்லாம் அம்மாச்சி திண்ணையிலிருந்தே எண்ணிச் சொன்னார்கள்.